மாமனார் நெஞ்சில் டூம் மெட்டல்

"நாலு நாளா என் நெஞ்சு அடிக்கவே இல்ல" என்றார் மாமனார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து கை கழுவ எழுந்து போனார். மாப்பிள்ளை கண்ணாடிக்காரர் வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவர் மனைவி கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"அப்பா, என்னப்பா சொல்றீங்க?"

அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. மைதானத்தின் மறுகோடியில் நிற்கிற பிள்ளைகளைக்கூட நடுங்க வைக்கிற குரல். அப்பாவிடம் மட்டும் அது எடுபடாது. மனிதர் டமாரச் செவிடு. யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலை அவரவர் வசதிக்கு ஏற்பப் பதிலாக எடுத்துக்கொள்ள வீடு பழகியிருந்தது.

மகள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை விரித்துக் கேட்டாள். மாமனார் துண்டில் கையைத் துடைத்தபடி விளக்கினார்.

"மத்தியானம் படுத்தா, முதுகுலேர்ந்து நெஞ்சுவரைக்கும் தொம்முனு ஒரு அடி விழும். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நல்லாத்தான் அடிச்சிட்டிருந்தது. இப்ப நின்னுபோச்சு."

அந்த அடி யாருடையது என்று உலகத்திலேயே கண்ணாடிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அது மாமனாரின் நெஞ்சு இல்லை. 'கிணறு' ஆல்பத்தின் டிரம்.

கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று கீச்சுக் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிற சாது. ஆனால் அவர் உயிர் இருப்பதெல்லாம் டூம் மெட்டல் என்கிற கனத்த, மெதுவான ராக் இசையில். கிடார் என்றால் பாறாங்கல்லைக் கட்டி இழுப்பது போல இருக்க வேண்டும் அவருக்கு. டிரம் அடிப்பவர் ஒரு அடி அடித்துவிட்டு, போய் மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்து அடுத்த அடியை அடிக்க வேண்டும். பாடுகிறவர் பாதாளத்திலிருந்து முனக வேண்டும். கல்லூரி நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த இசைத்தட்டுகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றில் மூன்று அவர் கண்ணின் மணிகள். அட்டைப் படத்தை வைத்து அவற்றுக்குக் கிணறு, பனிமூட்டம், துருப்பிடித்த கதவு என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். மனைவி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இழவுப் பாட்டு' என்று ஒரே பெயர் வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் கிணறு ஆல்பத்தின் அதிர்வில் அவள் ஆசை ஆசையாக வாங்கிய கண்ணாடிக் கோப்பைகள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துவந்து கீழே குதித்தன. அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. ஸ்பீக்கர்களை விற்றுவிட வேண்டும். தட்டுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். இனி ஒரு தடவை இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் தட்டுகளும் போய்விடும்.

விற்றுவிட்டதாகச் சொன்ன ஸ்பீக்கர்கள் மாமனாரின் கட்டிலுக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தன. மாமனார் வந்து சேர்ந்ததே தனக்குக் கிடைத்த யோகம் என்று கண்ணாடிக்காரர் நினைத்திருந்தார். மத்தியானம் கடையை மூடிவிட்டு வருவார். மனைவி பள்ளிக்கூடத்தில் இருப்பாள். செவிட்டு மாமனார் கட்டிலில் கண்மூடிப் படுத்திருப்பார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவர் சொர்க்கத்துக்குப் போய்வருவார். மாடிவீட்டுக்காரர்தான் மண்ணைப் போட்டார். "மத்தியானத்துல வீட்ல ஏதாவது மிஷின் ஓட்டறீங்களா?" என்று கண்ணாடிக்காரரின் மனைவியிடம் கேட்டுத் தொலைக்க, இவர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தியிருந்தார். அதைத்தான் பெரியவர் நெஞ்சு நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டார், பாவம்.

உண்மையைச் சொன்னால் தட்டுகள் போய்விடும். சொல்லாவிட்டால் மாமனார் பயத்திலேயே போய்விடுவார். கண்ணாடிக்காரர் ஒரு நடுவழியைப் பிடித்தார். மறுநாள் மத்தியானம் கிணற்றை மெல்லிய சத்தத்தில் போட்டார்.

"இன்னிக்கு அடிச்சது" என்றார் மாமனார் சாயங்காலம். "ஆனா அதுல உசிரே இல்ல."

மனைவி கண் கலங்கிவிட்டாள். அப்பா இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது, வாசலுக்குக்கூடத் தனியாகப் போகக் கூடாது என்றாள். மறுநாள் கண்ணாடிக்காரர் ஜன்னல் இடுக்கில் துணியை அடைத்துவிட்டு முழுச் சத்தத்தில் வைத்தார். மாமனார் முகம் தெளிந்திருந்தது. பாதியில் நின்றுவிடுகிறது என்பது மட்டும்தான் குறையாம். நிற்காமல் என்ன செய்யும்? தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் இவர் கடை திறக்க ஓட வேண்டுமே. பாதியில் நின்று போகிற நெஞ்சு ஒருநாள் அப்படியே நின்றுவிடும் என்று மனைவி ஒரேயடியாக அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஓடியது. கடை திறக்கத் தாமதமானது. கண்ணாடி வாங்க வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். மாமனாரின் நாடித் துடிப்பைப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிற மனிதன் வியாபாரத்தை எங்கே கவனிப்பான்? அதோடு விட்டிருக்கலாம். தினமும் ஒரே ஆல்பமா என்று சபலம் தட்டி, ஒருநாள் பனிமூட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டார்.

"இது என் நெஞ்சே இல்ல" என்றார் மாமனார். "யாரோ தெரியாத ஆள் அடிக்கிற மாதிரி இருக்கு. பழைய அடிதான் எனக்கு ஒத்துக்குது."

மனைவி பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நெஞ்சில் வைத்த கையை மத்தியானம் முழுக்க எடுக்கவில்லை. அடுப்படியில் கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைக்கு அடியில் நெஞ்சு ஒழுங்காகத்தான் அடித்தது. ஆனாலும் பெரியவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். "மறுபடியும் நின்னுபோச்சும்மா."

அவ்வளவுதான். அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

செய்யாத பரிசோதனை இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் டாக்டரைக் குழப்பியது. இவ்வளவு துல்லியமாகத் தன் நெஞ்சைப் பற்றிச் சொல்கிற நோயாளியை அவர் பார்த்ததே இல்லையாம். கண்ணுக்குப் படாத கோளாறாக இருக்கலாம், நெஞ்சில் ஒரு கருவியைப் பொருத்திவிடுவதுதான் நல்லது என்றார். பெரியவரிடம் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதால், அதற்குள் காதையும் சோதித்துவிடலாம் என்று அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கையெழுத்துப் போடுவதற்கான பேனா கண்ணாடிக்காரர் கைக்கு வந்தது.

ஒரு பாட்டுக்காக ஒரு மனிதரின் நெஞ்சைக் கிழிக்க விடுவதா? அந்த அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை.

"டாக்டர், அது மாமா நெஞ்சு இல்ல" என்றார். "என் ஸ்பீக்கர்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். மனைவி பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"எங்கப்பா கட்டிலுக்கு அடியிலயா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"விக்கணும். இப்பவே, இங்க உட்கார்ந்தே விக்கணும். ஸ்பீக்கர், தட்டு எதுவும் அந்த வீட்ல இருக்கக் கூடாது."

பழைய இசைத்தட்டுக் கடைக்காரருக்கு அந்த அலமாரியின் மேல் பல வருஷமாக ஒரு கண். கூப்பிட்ட மாத்திரத்தில் வண்டியோடு போய்விட்டார். மாற்றுச் சாவி வைத்திருந்த மாடிவீட்டுக்காரர் சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டு, ஸ்பீக்கரைத் தூக்குவதற்கும் ஒரு கை கொடுத்தாராம். எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது, துருப்பிடித்த கதவு படம் போட்ட தட்டைக் கையிலிருக்கும்போதே ஒருவர் கேட்டு வாங்கிப் போய்விட்டார் என்று கடைக்காரர் தகவல் சொன்னார். கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரி நடையில் நின்று வெட்கமில்லாமல் அழுதார்.

மனைவிக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். "அழாதீங்க. எங்கப்பா பொழைச்சாரே, அது போதாதா?" என்றாள். போதும் என்று தலையை ஆட்டினார். அதுவும் உண்மைதான். இனி மாமனாருக்கு நெஞ்சு அடிப்பதும் நிற்பதும் இருக்காது. நிம்மதியாகத் தூங்குவார்.

அப்போது காது பரிசோதனை அறைக் கதவு திறந்தது. பரிசோதனை செய்த பெண் வந்து மனைவியிடம் பேசினாள். வயதானால் கீச்சுக் குரல்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகும், அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த சத்தம் கடைசிவரை தங்கும், பெரியவருக்கு இப்போது அது மட்டும்தான் மிச்சம் என்றாள். காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசியதில் அவர் மனம்விட்டு நிறையச் சொன்னாராம். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே மாப்பிள்ளை? நெஞ்சுக்கு ஒண்ணுமே இல்லையாம், பாட்டை நிறுத்தினப்பல்லாம் சும்மா சொன்னாராம். பொண்ணு குரல்கூட விழாத காதுல இத்தனை வருஷத்துக்கு அப்புறம் விழுந்த ஒரே பாட்டு உங்களோடதுதானாம், பொண்ணு திட்டினாலும் பரவாயில்ல, அதை மட்டும் வித்துடாதீங்கன்னு சொல்லச் சொன்னார்."