கோமளத்தின் கொல்லையும் இரண்டு வண்டி மணலும்

ஒரு காட்டில், ரேஷன் கடைக்கும் ஓடைக்கும் நடுவே, கோமளம் என்ற முயலும் அவள் கணவன் வைத்தியும் குடியிருந்தார்கள். சொந்த வளை. பின்னால் இருபது தாவல் நீளத்துக்குக் கொல்லை. அதில் எருக்கஞ்செடியும் உடைந்த பானையும் தவிர ஒன்றுமில்லை.

ஆனி முதல் தேதி கோமளத்துக்கு ஆறு குட்டிகள் பிறந்தன. அதற்கு முந்தைய பிரசவத்தில் ஐந்து. அந்த ஐந்தும் ஒரு நாள் வாசலில் விளையாடியபோது பருந்து வந்தது. மூன்றுதான் உள்ளே திரும்பின. அன்றிலிருந்து கோமளம் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆனாலும் இந்த ஆறையும் வளைக்குள் அடைத்தே வளர்க்க அவளுக்கு மனசு வரவில்லை. முயலுக்குப் பிள்ளைப் பருவம் மொத்தம் நாற்பது நாள். அதற்குள் ஓடியாடினால் உண்டு. நாற்பத்தோராம் நாள் பெரிய முயலாகிவிடும். கவலையும் கைப்பேசியும் வந்துவிடும்.

"இந்தத் தடவையாவது பயமில்லாம விளையாடட்டும். கொல்லையில ஒரு தோட்டம் போடுவோம்" என்றாள்.

குட்டிகள் கண் திறந்த பத்தாம் நாள் வைத்தி ஆளைக் கூட்டி வந்தான். வந்தவர் ஒரு நரி. பெயர் தர்மலிங்கம். காதில் பென்சில், கையில் அளவு நாடா. நீட்டிய அட்டையில் 'குடும்பத் தோட்டங்கள், குழந்தைகளுக்கு ஏற்றவை' என்று அச்சடித்திருந்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மற்ற கதைகளில் நரி செய்வதைத்தான் இதுவும் செய்யப் போகிறது என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். வைத்தியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

"குட்டிங்க எத்தனை சார்?"

"ஆறு."

"ஒவ்வொண்ணும் என்ன எடை இருக்கும்?"

வைத்தி எழுந்து நின்றான். "எடை எதுக்கு?"

"ஊஞ்சல் கட்டணும்ல. கயிறு தாங்கணும்."

தர்மலிங்கம் போட்ட திட்டத்தில் நடுவே பதினைந்து தாவலுக்கு வெறும் இடம் இருந்தது.

"இங்க என்னங்க வருது?" என்று கேட்டாள் கோமளம்.

"ஒண்ணும் வராதும்மா. அதுலதான் பிள்ளைங்க விளையாடும்."

அந்த இடம் முழுக்க மணல், விழுந்தால் அடிபடாமலிருக்க. மேலே கோவைக்கொடிப் பந்தல், பருந்தின் கண்ணில் படாமலிருக்க. ஓரத்தில் ஊஞ்சல், ஓடி ஒளிய இரண்டு பொந்து, கொத்தமல்லி ஒரு பாத்தி. எட்டு நாள் வேலை. கோமளம் அந்தத் தாளை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே எருமை வண்டியில் இரண்டு நடை மணல் வந்தது. தர்மலிங்கம் அதை வாசலில் சூரைமுள் புதருக்கு அடியில் கொட்டச் சொன்னார். அதே வண்டிக்குப் பின்னால் வைத்தியின் அக்கா விசாலமும் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

விசாலம் திட்டத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குழுவில் நாற்பத்து மூன்று முயல்கள். சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று யோசனைகள் வந்தன. முதல் யோசனை விசாலத்துடையது.

"கறிவேப்பிலை இல்லாத கொல்லை உண்டா?"

கறிவேப்பிலை வந்தது. பூஜைக்கு அரளி வந்தது. துணி காயப்போடக் கொடி வந்தது. அருகம்புல் வற்றல் காயவைக்க நடுவில் ஒரு சிமெண்டு மேடை வந்தது.

"வெயில் விழாம வற்றல் எப்படிக் காயும்? பந்தலை எடுத்துடுங்க" என்றாள் விசாலம்.

தர்மலிங்கம் பென்சிலைக் கீழே வைத்தார். "அம்மா, பந்தல் இல்லேன்னா பருந்து வரும்."

"பார்த்தியா வைத்தி? மேல மூடிட்டா உள்ள நடக்கிறது வெளிய தெரியாதுல்ல. அதுக்குத்தான் இவ்வளவு அக்கறை."

வைத்தி தலையாட்டினான். பந்தல் போயிற்று. பொந்துகளும் போயின, பொந்து என்றால் நரிக்கு எளிது என்பதால். தர்மலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல். ஆனால் நரி வயிற்றைப் பிடித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள் என்று நாடாவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வாஸ்து பார்க்க ஆமை அருணாசலம் வந்தார். கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும் என்றார். அங்கே இருந்த ஊஞ்சல் போய்ப் பாறாங்கல் வந்தது. ஈசான மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டச் சொன்னார். கட்டியதும் சரியாக இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது, அதன் பிறகு அவர் ஏறவில்லை.

"இப்ப பிள்ளைங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கு?" என்று கோமளம் மெதுவாகக் கேட்டாள்.

தர்மலிங்கம் நாடாவை நீட்டினார். "ஒரு தாவல். ஒரு குட்டி நின்னுக்கிட்டு விளையாடலாம்."

"அது என்ன குறைச்சல்? முறை வச்சு நிக்கட்டும்" என்றாள் விசாலம்.

எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் கோமளத்துக்கு அண்ணியிடம் பேச்சு வராது. அதுவும் நரி பக்கம் நின்று பேசினாள் என்று நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும்.

எட்டு நாள் வேலை ஆனி கடைசியில் முடிந்தது. கோமளம் குட்டிகளை எழுப்பப் போனாள். விசாலம் வழி மறித்தாள்.

"நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில யாராவது புது இடத்துல காலெடுத்து வைப்பாங்களா? ஆவணி முதல் முகூர்த்தத்துல திறப்பு விழா."

"அண்ணி, ஆவணிக்குள்ள இதுங்க பெரிசாயிடும்."

"ஆகட்டுமே. அப்பத்தான் பொறுப்பா விளையாடும்."

கொல்லைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆடி முழுக்கக் கோமளம் பின்பக்க ஓட்டையில் உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்தாம் நாள். முப்பத்தெட்டாம் நாள். நாற்பதாம் நாள் அவள் சாப்பிடவில்லை. குட்டிகள் பாவம், பகலெல்லாம் உள்ளே தூங்குகின்றன என்று நினைத்தாள். சாயங்காலம் அவற்றின் காதில் மண் இருக்கும். வளை என்றால் மண் உதிரத்தானே செய்யும் என்று தட்டிவிட்டுத் திட்டுவாள்.

இதற்கிடையில் வாசலில் மணல் அப்படியே கிடந்தது. விளையாட்டு இடமே இல்லாத தோட்டத்துக்கு மணல் எதற்கு? "எடுத்துட்டுப் போங்க" என்று வைத்தி தினமும் கூப்பிட்டுச் சொன்னான். தர்மலிங்கம் வந்து புதருக்கு அடியில் குனிந்து பார்ப்பார். "நாளைக்கு எடுத்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"நரி புத்தி" என்றான் வைத்தி.

ஆவணியில் திறப்பு விழா நடந்தது. ரிப்பன் கட்டியிருந்தார்கள். தொட்டியிலிருந்து அருணாசலம் வாழ்த்துரை வழங்கினார். ஆறு குட்டிகளும் பெரிய முயல்களாக வரிசையில் நின்றன. கோமளம் மூத்தவளை முன்னால் தள்ளினாள்.

"போம்மா, விளையாடு."

மூத்தவள் பாறாங்கல்லைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். "எங்கம்மா?" என்றாள்.

கோமளம் அழுதுவிட்டாள். விசாலம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று படம் பிடித்தாள்.

அப்போது மேலே நிழல் விழுந்தது. பந்தல் இல்லாத தோட்டத்தில் இருபத்தெட்டு கொழுத்த விருந்தாளிகளைப் பருந்து வேறெங்கே பார்க்கும்? எல்லோரும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடினார்கள்.

"இப்படி வாங்க!" என்று கத்தியபடி மூத்தவள் வளைக்குள் புகுந்து வாசல் வழியே பாய்ந்தாள். மற்ற ஐந்தும் விருந்தாளிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடின. சூரைமுள்ளுக்கு அடியில், மணலுக்குள், ஒன்பது சுரங்கங்கள் இருந்தன. சறுக்க ஒரு சரிவு இருந்தது. சிரட்டையில் அவித்த மணல் இட்லிகள் வரிசையாக இருந்தன. மொத்தக் கூட்டமும் உள்ளே ஒடுங்கியது. விசாலம் மட்டும் வற்றலைக் காக்க நின்றாள், தலைக்கு வந்தது வாலோடு போயிற்று. அந்த வாலை நரி கடித்ததாகத்தான் அவள் இன்றுவரை சொல்லி வருகிறாள்.

கோமளம் ஒரு சுரங்கத்துக்குள் படுத்தபடி, சுவரில் பதிந்திருந்த சின்னச் சின்னக் காலடிகளைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இங்கதான் இருந்தீங்களா?"

"ஆமாம்மா. நீங்க எல்லாரும் கொல்லையில வேலையா இருந்தீங்க."

பிள்ளைகள் ஆசை தீர விளையாடியிருக்கின்றன. அவள்தான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. மேலே உதிர்ந்த மணலை அன்று அவள் தட்டிவிடவில்லை.

ஆவணி முடிவதற்குள் அவளுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிற்று. யாரிடமும் சொல்லாமல் தர்மலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"தோட்டம் வேணாம்ண்ணே. அதே முள்ளுக்கு அடியில இன்னும் ரெண்டு வண்டி மணல் இறக்குங்க."

"உங்க அண்ணி எதுக்குன்னு கேட்டா?"

"மாடி கட்டப் போறோம்னு சொல்லிக்கிறேன்."

"வேலை எப்ப ஆரம்பம்னு கேட்டா?"

"நாளைக்கு" என்றாள் கோமளம்.

நீதி: வேலை முடிந்த இடத்தில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஆகவே பிள்ளைகள் வளரும்வரை எந்த வேலையையும் முடித்துத் தொலைக்காதீர்கள்.