பத்து விரலும் ஒரு பத்திரப்பதிவும்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கைகளைப் பற்றி நான் வருஷக்கணக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவன். பள்ளியில் சக ஆசிரியர்கள் கேட்டால், "சாக்பீஸ் தூள் ஒத்துக்கல சார்." பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "குக்கர் ஆவி அடிச்சிடுச்சு." பெண் பார்க்கப் போன அன்று வருங்கால மாமனார் கேட்டதற்கு, "ரோஜாச் செடி நட்டேன் மாமா, முள்ளு கீறிடுச்சு" என்றேன். (அவர் மனம் குளிர்ந்து, கல்யாணச் சீரோடு மூன்று ரோஜாத் தொட்டிகளையும் அனுப்பிவைத்தார். அவற்றுக்கு மண் அள்ளிப் போட்டே கை இன்னும் மோசமானது.)

உண்மையான பெயர் எக்ஸிமா. தோல் வறளும், சிவக்கும், வெடிக்கும், சதா அரிக்கும். யாருக்கும் தொற்றாது. ஆனால் "தொற்றாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் இரண்டடி பின்னால் போயிருப்பார். அதனால்தான் அந்தப் பொய்கள். தோல் டாக்டர் மட்டும் என் கையைப் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு நாலே நாலு விஷயம் சொன்னார். சோப்பைக் குறைங்க, களிம்பை அடிக்கடி தடவுங்க, தண்ணி வேலைன்னா கிளவுஸ் போடுங்க, சொறியாதீங்க. கடைசியாகச் சொன்னது மனிதனால் ஆகிற காரியமில்லை, விட்டுவிடுவோம். கிளவுஸ் விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி ரேவதி தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். டாக்டர் சொன்ன அன்றே முழங்கை வரை வருகிற கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். நல்ல ரோஸ் நிறம். அதைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நான் துணி துவைத்தால் தெருவில் என் மதிப்பு என்ன ஆவது? பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன் நான், அந்தத் தெருவிலேயே என் மாணவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். கிளவுஸ் பரணுக்குப் போனது.

பம்மலில் பத்து வருஷம் வாடகைக்கு இருந்த பிறகு பொழிச்சலூரில் ஒரு ஃபிளாட் அமைந்தது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு அது போனதும் தொடர வேண்டும், மற்றபடி நல்ல வீடு. விற்றவர் பீட்டர் சார், ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் மகளோடு போய் இருக்கப் போகிறார். "நம்ம வீடுன்னு நெனச்சு வந்து போங்க தம்பி" என்று பதிவுக்கு முன்பே ஒரு சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாவிதான் வினை. வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரேவதி வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னல் திரைக்கு அளவு எடுக்கலாம் என்றுதான் போனேன். போனவன் குளியலறையைப் பார்த்தேன். டைல்ஸில் லேசாகக் கறை. சொந்த வீடு என்கிற நினைப்பு வந்துவிட்டால் மனிதனுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. கடைக்குப் போய் டைல்ஸ் கழுவுகிற ஆசிட் வாங்கி வந்து, வெறும் கையில் பிரஷைப் பிடித்து, இரண்டு மணி நேரம் தேய்த்தேன். டைல்ஸ் பளபளத்தது. என் முகமே அதில் தெரிந்தது. அப்போது அது சிரித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கை எரிந்தது. செவ்வாய்க்கிழமை சிவந்து வீங்கியது. வியாழக்கிழமை விரல் நுனியெல்லாம் பழைய சுவரொட்டி மாதிரி உரிய ஆரம்பித்தது. இடையில் ரேவதி இரண்டு முறை, "கையை ஏன் பாக்கெட்லயே வெச்சிருக்கீங்க? காட்டுங்க" என்றாள். ஒரு முறை "ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றேன். இன்னொரு முறை தூங்குவதுபோல் நடித்தேன். (சாயங்காலம் ஆறு மணிக்கு.)

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ரேவதியின் ஒரே வேண்டுதல். பீட்டர் சாருக்கு வேறு அவசரம். சாயங்காலம் தாம்பரத்தில் ரயில், திங்கட்கிழமை நாகர்கோவிலில் கண் ஆபரேஷன். இன்று விட்டால் அவர் மறுபடி வர இரண்டு மாதம் ஆகும். எங்கள் பம்மல் வீட்டுக்கோ அடுத்த மாதமே வேறு ஆள் வருவதாக முடிவாகிவிட்டது. அன்று பதிவு நடக்காவிட்டால் நாங்கள் சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பத்து மணிக்கெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் டோக்கன் வந்தது. முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டி, மாப்பிள்ளை மாதிரி உள்ளே போனேன். பீட்டர் சார் பெருவிரலை வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து நான். ஆதார் ரேகையோடு என் ரேகை பொருந்த வேண்டும்.

"பெருவிரலை வைங்க சார்" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

வைத்தேன். சிவப்பு.

"அழுத்தி வைங்க."

சிவப்பு.

"ஆள்காட்டி விரல் வைங்க. அந்தக் கை. நடு விரல்..." நாலு விரல்களை மாற்றி மாற்றி வைத்தும் சிவப்புதான். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், ரேகையே விழ மாட்டேங்குது?" என்றாள். கேட்டது மெதுவாகத்தான். ஆனால் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தலைமுடியில தேயுங்க சார்" என்றது ஒரு குரல். "பேன்ட்ல தேயுங்க" என்றது இன்னொன்று. நான் தலையிலும் பேன்ட்டிலும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பத்திரத்தை எழுதிக்கொடுத்த ஷாகுல் பாய் முன்னால் வந்தார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர், எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

"சார், கையில கிரீம் ஏதாச்சும் தடவிருக்கீங்களா?"

"கொஞ்சம்... காலைல..."

"அதான் பார்த்தேன். எண்ணெய்ப் பசை. ஒரு எலுமிச்சம்பழம் போட்டா சரியாப் போயிடும்." வாசலில் இருந்த ஜூஸ் கடைக்கு ஓடி, அரை மூடி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, "பாய், இது பசை இல்ல, கை வெடிச்சிருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அறை முழுக்கக் கண்கள். பக்கத்தில் ரேவதி. வருஷக்கணக்காக மறைத்ததைக் கணநேரத்தில் எப்படிச் சொல்வது? கைகளை நீட்டினேன்.

பாய் நல்ல மனிதர். தாராளமாகப் பிழிந்தார்.

நான் போட்ட சத்தத்தைப் பற்றிப் பிற்பாடு பல விதமாகச் சொன்னார்கள். சார்பதிவாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார் என்பது மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்கிற உண்மை. வெடித்த தோலில் எலுமிச்சைச்சாறு படும்போது என்ன ஆகும் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டிய கண்ணை, எந்தக் கையில் சாறு வழிந்துகொண்டிருந்ததோ அதே கையால் துடைத்தேன்.

இப்போது கண்ணும் போயிற்று.

"ரேகை விழலன்னா பரவால்ல சார், கருவிழி வெச்சுப் பார்த்துடலாம்" என்று அந்தப் பெண் இரக்கத்தோடு இன்னொரு கருவியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "கண்ணை நல்லாத் திறங்க."

"முடியல மேடம்."

"ஒரு கண்ணாவது?"

"ஒண்ணும் முடியல."

இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்துச் சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றினார்கள். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. ரேவதி.

சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். பிறகு, "என்னங்க இது? எத்தனை நாளா இப்படி?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமையில இருந்து. பாத்ரூம் தேச்சேன்."

"கை என்னம்மா இப்படி இருக்கு? ஒட்டுவாரொட்டியா?" என்று வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். நாற்காலி நகரும் சத்தம் வந்தது. எப்போதும் கேட்கிற சத்தம்தான் அது.

வழக்கமான பொய்களில் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. எந்த ரோஜாவையும் எந்தக் குக்கரையும் இனிமேல் இழுக்கத் தெம்பில்லை. "எக்ஸிமாங்க. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. யாருக்கும் ஒட்டாது" என்று கண்ணை மூடிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். ரேவதி பிடித்த கையை விடவில்லை. அந்தப் பெண்மணிக்கு அதுவே போதுமான பதிலாக இருந்திருக்க வேண்டும். நாற்காலி மறுபடி முன்னால் வரும் சத்தம் கேட்டது.

ரேவதி என்னை வெளியே குழாயடிக்கு நடத்திப்போய், வெறும் தண்ணீரில் கண்ணையும் கைகளையும் கழுவிவிட்டாள். தேய்க்காமல், தன் பருத்திப் புடவை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கண் லேசாகத் திறந்தபோது எங்கள் எதிரில் ஒருவர் குந்தியிருந்தார். பெயர் மூர்த்தி, கொத்தனார், தன் தங்கையின் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர். தன் இரண்டு உள்ளங்கைகளையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். என் கையைவிட மோசம்.

"சிமிட்டி சார். இருவது வருசமா எனுக்கும் இதே பேஜாருதான். ரேசன் கடைல அந்த மெசினு என்னை ஆளாவே மதிக்காது. ஆமா, சுண்டுவெரலு வெச்சியா?"

"இல்லையே. அது சின்ன விரல்னு..."

"அத்த வெச்சுப் பாரு சார். ஒரு வேலயும் செய்யாத வெரலு அதான். அதனால கெடாம கீது. எனுக்கு லெப்ட்டு சுண்டுவெரல்லதான் வுழும்."

என் இடது சுண்டுவிரலைப் பார்த்தேன். பாத்ரூம் தேய்த்த அன்று தண்ணீர் மக்கைப் பிடித்திருந்த இடது கையில் அது மட்டும் தனியாக விறைத்துக்கொண்டு எதிலும் படாமல் இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். நுனியில் வரிவரியாக ரேகை. ரேவதி அதில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்திருந்தாள். கொத்தனார் விடைபெறாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். அவர் என்ன களிம்பு போடுகிறார் என்று நானும், நான் எந்த டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவரும் விசாரித்துக்கொண்டோம். என் கையைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் பொய் கலக்காமல் நிதானமாக உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் முறை.

திரும்ப உள்ளே போனபோது மணி பதினொன்றேகால். ஷாகுல் பாய் குற்ற உணர்ச்சியோடு ரேவதியிடம் வந்தார். "மேடம், நட்ட நடு ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"வேணாம் பாய். அதுக்குள்ள அந்த விரல் மனசு மாறிடப் போகுது" என்றாள் ரேவதி.

இடது சுண்டுவிரலை வைத்தேன். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பச்சை.

கைதட்டினார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதற்கு முன் யாருக்காவது கைதட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. பீட்டர் சார் என்னைக் கட்டிக்கொண்டு, கையைக் குலுக்க வந்து, யோசித்து, சுண்டுவிரலை மட்டும் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு ரயிலும் கிடைத்தது.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ரேவதிதான் ஓட்டினாள். பம்மல் சிக்னலில் நின்றபோது திரும்பாமலே கேட்டாள். "என்கிட்ட எதுக்குங்க மறைச்சீங்க?"

"நீ பார்த்தா பயந்துடுவியோன்னு..."

"கையைப் பார்த்து எனக்கு என்ன பயம்? நீங்க கத்தினீங்களே, அதுலதான் உயிர் போய் உயிர் வந்துச்சு."

கை ஆற மூன்று வாரம் ஆனது. ரோஸ் கிளவுஸ் பரணிலிருந்து இறங்கி, இப்போது புது வீட்டுப் பால்கனிக் கொடியில் எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது. அந்த வழியாகப் பள்ளிக்கு வரும் என் மாணவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருத்தி பாடம் முடிந்ததும் மேஜையருகே தயங்கி நின்று தன் முழங்கை மடிப்பைக் காட்டி, "எனக்கும் இருக்கு சார்" என்றாள்.

ஆனால் எங்கள் குடும்பம் அந்த விரலை விடுவதாக இல்லை. நான் ஏதாவது அதிகாரமாக, "என் வீட்ல இதெல்லாம் கூடாது" என்று ஆரம்பித்தால், நாலாம் வகுப்பு படிக்கும் மகள், "நீங்க சும்மா இருங்கப்பா, ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்கிறாள். புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவினர் அத்தனை பேரும் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டு என் சுண்டுவிரலைக் குலுக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள்.

போன மாதம் குன்றத்தூரில் ஒரு கல்யாணம். என் மைத்துனன் ஒரு மேஜை நிறைய ஆட்களைச் சேர்த்துவைத்து இந்தக் கதையை எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா, அந்த விரலைக் காட்டுங்க" என்றான். நானும் எழுந்து நின்று, இடது சுண்டுவிரலை உயரத் தூக்கிக் காட்டினேன்.

கல்யாணப் பெண்ணின் அப்பா தூரத்திலிருந்து அதைப் பார்த்ததும் பந்தியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, என் தோளில் பரிவோடு கை வைத்து, காதருகே சொன்னார். "மாடிப்படிக்குப் பின்னாடி சார், ரெண்டாவது கதவு. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்கும்."