மேல்வீட்டு ரத்த அழுத்தம் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இது என் கருத்து. நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டியின் கருத்து வேறு. அங்கு நீங்களும் என் மகளும் நலமாகவே இருப்பீர்கள், உங்கள் வீட்டில் அப்படிப் பெட்டி எதுவும் இல்லாததால்.

விஷயத்துக்கு வருகிறேன். எடை பார்க்கும் மெஷின், கையில் சுற்றும் பட்டை, விரலில் மாட்டும் கிளிப், மூன்றும் மூன்று கம்பெனி. ஆனாலும் கம்பியில்லாமல் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் கூடி ஒரு தரம் வகுத்திருப்பதாகவும், அந்த மொழியில் யார் பேசினாலும் பெட்டி கேட்டு டாக்டருக்கும் என் மகளுக்கும் அனுப்பிவிடும் என்றும் சொன்னீர்கள். கோளாறே அங்கேதான். மேல்வீட்டுத் தையல்காரம்மாவும் அதே கடையில் அதே மூன்றையும் வாங்கியிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு மீட்டர், அதுதான் எங்கள் தரம்.

போன வாரம் மகள் ஃபோன். "அப்பா, எண்பத்தி நாலு கிலோவா? என்னத்தைச் சாப்பிடுறீங்க?" ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் எழுபத்திரண்டு. தையல்காரம்மா ஒல்லிதான், ஆனாலும் துணி மூட்டையோடு ஏறியிருப்பார் என்றேன். மறுநாள் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று போயிருக்கிறது, அதற்கொரு ஃபோன், அதற்கடுத்த நாள் இருநூற்று மூன்று, அதற்கு அழுகை. நான் பட்டையைச் சுற்றிய அதே நேரத்தில் மேலேயும் அவர் சுற்றியிருக்கிறார், குறுக்கே புகுந்துடுச்சு, அவ்வளவுதான், இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? பத்து நாளாக மேலே தையல் சத்தமே இல்லை. பாவம், இருநூறை வைத்துக்கொண்டு எங்கே மெஷின் மிதிப்பது, படுத்துக் கிடக்கிறார் போலிருக்கிறது. போய் விசாரிக்கலாமென்றால் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

இதை நம்பி, சனிக்கிழமை வந்து வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிப்போகப் போவதாக மகள் சொல்கிறாள். எனக்கு இந்த வீட்டை விட்டு வர இஷ்டமில்லை. ஆகவே எண்களை நானே பிரித்துவிட்டேன்: மூன்றாம் தேதி வந்த நூற்றுப் பதினெட்டு என்னுடையது, மற்றதெல்லாம் மேல்வீடு. இதைப் பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டாள், ஆனாலும் ரெண்டு பேர் சொன்ன மாதிரி இருக்கும்.

நீங்கள் இருவரும் டாக்டர் முகம் பாராமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: தையல்காரம்மா இப்போதுதான் பயணப் பையும் கையுமாக வாசலில் வந்து இறங்கினார். இதில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். படித்துப் பார்த்து, "நான் ஊர்லயே இல்லையேங்க! நாலாம் தேதி அக்கா வீட்டுக்குப் போனவ இப்பதான் வர்றேன். எடை மெஷினும் பட்டையும் என் பையிலதான் இருக்கு. அந்த நூத்திப் பதினெட்டு மட்டும்தான் என்னோடது. ஐயோ, முதல்ல உட்காருங்க நீங்க!" என்றார். உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதை ஃபோனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி பிடிக்க ஓடுகிறார். மேலே எழுதியதை மகளிடம் காட்ட வேண்டாம். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவளைக் கூட்டி வாருங்கள் மாப்பிள்ளை. எனக்குப் பயமாக இருக்கிறது.