சீனாவுக்கு நடந்து போன சொல்

மலையில் குதிரையே கிடையாது என்பது, கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் ஏசுராஜுக்கு உறைத்தது.

சாதாரணக் கடிதமா அது? சென்னையில் இருக்கும் பேராசிரியர் தங்கவேலுக்கு எழுதிய பதினோரு பக்கக் கடிதம். ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூரில் தமிழ் வாத்தியாராக இருந்த ஏசுராஜ், 1977 தொடங்கி இரண்டு வருடமாக 'மா' என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். தமிழில் மா என்றால் மாமரம். மாவு. பெரியது. விலங்கு. நிலத்தில் ஓர் அளவு. நிகண்டைப் புரட்டினால் குதிரை. வடக்கே போனால் அம்மா. இதோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது. சீனாவில் ஊழியம் செய்துவிட்டு வேலூருக்குத் திரும்பிய கிழப் பாதிரியார் ஒருவர், "சீனத்திலும் மா என்றால் குதிரைதான்" என்று சொல்லித் தொலைத்தார். ராகத்தை மாற்றி நீட்டினால் அம்மாவாம். அதட்டிச் சொன்னால் திட்டுவதாம்.

அப்புறம் ஏசுராஜுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சொல் ஜவ்வாது மலையில் பிறந்து சீனாவுக்கு நடந்தே போயிருக்கிறது என்று முடிவு கட்டினார். ஆதாரம் வேண்டுமே? 'எங்கள் மலையின் நெல்லிவாசல்நாட்டு மக்கள் இன்றும் குதிரையை மா என்றே அழைக்கிறார்கள்' என்று எழுதிவிட்டார். முதலில் எழுதிவிடலாம், பிறகு போய் விசாரித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

பதில் உடனே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரே டேப் ரிக்கார்டரோடு வருகிறாராம். மக்கள் வாயிலிருந்து அந்தச் சொல் பதிவாகிவிட்டால், கீழே ஒரு கல்லூரியில் காலியாக இருக்கும் விரிவுரையாளர் வேலைக்கு ஏசுராஜைச் சிபாரிசு செய்வாராம்.

மனைவி பிலோமினாள் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து மலைப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்வருகிறவள் அவள். கீழே ஒரு வீடு என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

"இன்னாங்க, மலையில எங்கங்க கீது குதிர?"

"அதான் யோசிக்கிறேன்."

"எழுதறதுக்கு முன்னாடி யோசிக்கறதுக்கு இன்னாங்க?"

அதட்டித்தான் சொன்னாள். சீனாக்காரனுக்கும் புரிந்திருக்கும்.

ஏசுராஜ் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு குதிரைப் படத்தைக் கிழித்துக்கொண்டு நெல்லிவாசல்நாட்டுக்குப் போனார். அங்கே ஒரு சின்ன ஊரில் சாமை பயிரிடும் வேடியப்பனிடம் படத்தை நீட்டினார்.

"இது இன்னா சொல்லுங்க?"

"குதிர."

"வேற பேரு எதனா சொல்லுவீங்களா?"

வேடியப்பன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "வெள்ளக் குதிர."

ஏசுராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை, மனைவி, மலைப் பஸ், சீனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேடியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்ளோதானா வாத்தியாரே? மான்னு சொல்லணும், சொல்லிட்டாப் போச்சு. அவ்ளோ தொலைவுலேர்ந்து வர்றவரு மனசு நோவலாமா?"

இரண்டே நாளில் ஊருக்கே பாடம் ஏறிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே ஏறியது. ஆடு மா, மாடு மா, ஊருக்குள் வந்த வனத்துறை ஜீப்பும் மா. ஏசுராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேடியப்பனின் மனைவி பாஞ்சாலை வழி சொன்னாள். "காகிதத்தக் காட்டுனா இப்டித்தாங்க ஆவும். உசுரோட ஒண்ண நிறுத்துங்க சார், வாயில தானா வரும்."

அதுவும் சரிதான். திருப்பத்தூரில் ஒரு ஜட்கா வண்டிக்காரரின் காலைப் பிடித்து, குதிரையை இரவல் வாங்கினார் ஏசுராஜ். புளி ஏற்ற வரும் லாரியில் அதை ஏற்றி, தானும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டை ஊசி வளைவுகளில் குதிரை நிம்மதியாக வேடிக்கை பார்த்தது. ஏசுராஜ்தான் வாந்தி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு, வேடியப்பன் காயவைத்திருந்த சாமையில் வாயை வைத்தது.

"ஐயையோ, குதிர! குதிர சாமையத் தின்னுது!" என்று வேடியப்பன் அலறினார். "குதிரயப் புடிங்க!" என்று ஊரே ஓடியது. குதிர, குதிர என்று அந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் திருப்பிச் சொன்னது. பேராசிரியரின் ஜீப் அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குள் நுழைந்தது.

ஏசுராஜ் சாமைக்குள் பாய்ந்து, "மா! மா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஊர் சட்டென்று புரிந்துகொண்டது.

"ஏ மா! வெளிய வா!"

"மாவோட வாலப் புடி!"

"எட்டி ஒதைக்கப் போவுது மா, தள்ளி நில்லு!"

பேராசிரியர் இறங்கவில்லை. ஊரை ஒரு பார்வை பார்த்தவர், சுள்ளென்ற வெயிலில் மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். மைக்கை மட்டும் வெளியே நீட்டினார். இரண்டே நிமிடம்.

"போதும், போதும். அற்புதமான பதிவு! டிரைவர், வண்டியைத் திருப்பு."

"ஐயா, ஒரு வாய் கூழாவது..."

"வேண்டாம், எனக்குக் குளிருகிறது. வேலை உங்களுக்குத்தான், ஏசுராஜ். போய்வருகிறேன்."

வேலை கிடைத்துவிட்டது. ஏசுராஜ் குதித்திருக்க வேண்டும். ஆனால் சாமையைப் பறிகொடுத்துவிட்டு, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு "மா, மா" என்று வாத்தியாருக்காகச் சொல்லிக்கொண்டிருந்த வேடியப்பனைப் பார்த்தார். தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் ஜீப்பின் கதவைப் பிடித்தார்.

"ஐயா, வேலை போனாலும் போகட்டும். இவங்களுக்கு மான்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். மொத்தமும் பொய்."

பேராசிரியர் டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலை கையிலிருந்த சாமைத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்து, ஜீப்புக்குள் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, நம்ப பழைய சாரு! அஞ்சு வருசத்துக்கு முன்ன, கரடிய 'எண்கு'ன்னு சொல்லச் சொல்லிக் கத்துக் குடுத்துட்டுப் போனீங்களே, அத்த நாங்க இன்னும் சொல்லிக்கினே இருக்கணுமா, இல்ல வுட்டுடலாங்களா?"