தேயாத புஷ்

பெரியகருப்பன் ஆயுசில் எதையும் அடித்துப் பேசியதில்லை. சட்னியா சாம்பாரா என்று கேட்டால்கூட மனைவி முகத்தைத்தான் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்று முழங்கினார்: "என் சைக்கிளுக்குப் பேரிங் மாத்தியே தீருவேன்!"

காரணம், எதிர்வீட்டு அருள்நாதன். இருவரிடமும் ஒரே மாதிரி மலையேறும் சைக்கிள். பள்ளத்தில் இறங்கினால் பின்சக்கரம் மடங்கி எழும். அந்த மூட்டில் அவருக்குக் குண்டுகள் உருளும் பேரிங், இவருக்கு வெறும் புஷ், ஒரு சாதா உலோக வளையம். அவர் சைக்கிள் பூனை மாதிரி போகும். இவருடையது தெருமுனையிலிருந்தே 'க்ரீச், க்ரீச்' என்று தண்டோரா போடும்.

போதாக்குறைக்கு மனைவி பாண்டிச்செல்வி தினமும் சொல்வாள்: "அருள் அண்ணன் போறதே தெரியல பாருங்க. தொப்பையும் காணாமப் போச்சு!"

பெரியகருப்பனுக்கு அடிவயிற்றில் தோசைக்கல் காயும்.

"எதுக்கு பேரிங்?" என்றாள், சைக்கிளுக்கு அடியில் எறும்புப்பொடி தூவிக்கொண்டே. வேடசந்தூர் மில்லின் உதிரிபாக ஸ்டோரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். "நாள் பூரா சுத்துறதுக்குத்தான் பேரிங். இது இம்புட்டூண்டு ஆடிட்டு நிக்கிது. புஷ் போதும்."

"தினமும் சிறுமலை ஏறுறேன். புஷ் தேஞ்சே போச்சு. சத்தம் கேக்கல?"

"தினமுமா?"

"தினமும்!"

"அம்புட்டு வளைவும்?"

"இன்னும் நாலு இருந்தா அதையும்!"

"சரி, கழட்டிப் பாப்போம். தேஞ்சிருந்தா பேரிங் வாங்கித் தாரேன். தேயலைன்னா சைக்கிள் எனக்கு."

பெரியகருப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இவ்வளவு சத்தம் போடுகிற புஷ் தேயாமலா இருக்கும்?

மெக்கானிக் ரஃபி மூட்டைக் கழற்றினான். புருவத்தைச் சுருக்கினான்.

"அண்ணே, ஒரு பொட்டு செம்மண்ணு இல்லையே. புஷ் புதுசாட்டம் மினுங்குது."

"அப்ப சத்தம்?"

ரஃபி பிசுபிசுத்த விரலை மோந்து பார்த்தான். "அக்கா, இது சீனிப்பாகு. உள்ள எறும்பு குடும்பத்தோட செத்துக் கெடக்கு."

பாண்டிச்செல்வி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு மாசமா எறும்பு சைக்கிள்ல ஏறுது. நானும் பொடி போட்டுக்கிட்டே இருக்கேன். மலைக்குன்னு கிளம்பி எந்தக் கடையில பாகு சொட்டுற பால்பன் தின்னீங்க?"

"பஸ் ஸ்டாண்டு... சீட்டுக்குக் கீழதான் பையை மாட்டுவேன். பாகு ஒழுகும்னு தெரியல."

மறுநாள் காலை. சுடிதார், ஹெல்மெட் சகிதம் பாண்டிச்செல்வி சிறுமலைக்குக் கிளம்பினாள், அருள்நாதன் குடும்பத்தோடு. பெரியகருப்பன் வாசலில் நின்றார், கையில் தோசைக்கரண்டி.

மலையிலிருந்து திரும்பிய அருள்நாதன் பெரியகருப்பன் முதுகில் தட்டினார். "தங்கச்சி என்னமா மிதிக்குது மாப்ள! நீங்க இம்புட்டு நாளா எங்க போனீங்க?"

தோசைக்கல் மறுபடி காய்ந்தது.

மூன்றே மாதம். சிறுமலைச் செம்மண் தின்று புஷ் நிஜமாகவே தேய்ந்தது. 'க்ரீச், க்ரீச்.' பெரியகருப்பன் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். தெருமுனையில் சத்தம் கேட்டால் போதும், பால்பன்னை விழுங்கிவிட்டுக் கரண்டியைத் தூக்கிவிடலாம்.

அன்றும் அப்படித்தான். வாயில் இரண்டாவது பால்பன், காது தெருமுனையில். சத்தமே இல்லை. ஆற அமர மென்றார்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது:

"நேத்தே பேரிங் மாத்திட்டேங்க. மீசையைத் தொடைங்க, எறும்பு வரும்."