வீடு தானாகவே மூழ்கியதா?

ஆகஸ்ட் மழையில் வங்காளத்துப் பாலிகஞ்சில் ஒரு தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் மஹாதேவன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்திலிருந்து ஓய்வு பெறாதவர். தண்ணீரை இறைக்கப் பம்பு கேட்டு மனு எழுதியபோது, மூழ்குவதற்கென்று ஆங்கிலத்தில் உள்ள கம்பீரமான வினைச்சொல்லைத் தேடிப்பிடித்து, 'என் வீடு சப்மெர்ஜ் ஆகிவிட்டது' என்று எழுதினார்.

"தண்ணி வந்துடுத்துன்னு எழுதினா போறாதா?" என்றாள் மனைவி காமு, கட்டில்மேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சியபடி.

"அதுல ஒரு கௌரவம் இல்லை."

அலிப்பூரில், வெள்ளநீர் வகைப்பாட்டு அலுவலகத்தில், அதிகாரி வெங்கடநாராயணன் மனுவைப் படித்து நிமிர்ந்தார்.

"சப்மெர்ஜ் ஆச்சுன்னா, வீடு தானா முங்கியிருக்குன்னு அர்த்தம். நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி. அதுக்கு அரசாங்கம் பொறுப்பில்லை."

"சப்மெர்ஜ் செய்யப்பட்டதுன்னு மாத்திடறேன்."

"யாரால்?"

"மழையால்."

"மழையோட விலாசம்?"

கூட வந்திருந்த காமுவுக்குப் பொறுக்கவில்லை. "சார், ஆத்துல மீன் நீந்தறது!"

"ஆத்துல நீந்தாம பின்னே?"

"எங்காத்துல சார்! ஹால்ல!"

"மீன் சப்மெர்ஜ் ஆயிருக்கும், ஒத்துக்கறேன். உங்க தலை வெளியில தெரியறதே. முழுக்க முங்கினாத்தான் அந்த வார்த்தை செல்லும்."

"முழுக்க முங்கினா மனுவை யார் கொண்டுவருவா?"

"வாரிசு."

பஸ்ஸில் திரும்பும்போது மஹாதேவன், "எப்படியோ, மனுஷனுக்கு கிராமர் தெரிஞ்சிருக்கு" என்று மெச்சினார். காமு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிபுணர் குழு கூடியது. 'பகுதி சப்மெர்ஜ்' என்று முடிவானது. துர்கா பூஜையும் கழிந்து, வீடு காய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த அன்று, பம்பு லாரியில் வந்து இறங்கியது. கூடவே அதிகாரி, ஒரு போட்டோகிராஃபர்.

"தண்ணி வடிஞ்சாச்சு. எடுத்துண்டு போங்கோ" என்றாள் காமு.

"இறைக்காம திரும்பினா, தேவையில்லைன்னு ஆயிடும். அடுத்த மழைக்கு இந்தத் தெருவுக்குப் பம்பு கிடையாது" என்றார் அதிகாரி.

தெரு நடுங்கியது. சற்று நேரத்தில் அக்கம்பக்கத்தார் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டும் கையுமாக வாசலில் வரிசை கட்டினார்கள். முதல் பக்கெட் மஹாதேவன் கையில்.

காமு வாசலை மறித்து நின்றாள்.

"பௌதி, எல்லாருக்காகவும்தானே!" என்று மன்னி முறை வைத்துக் கெஞ்சினாள் மாடிவீட்டு வங்காளிப் பெண்.

காமு அடுத்த வருஷத்து மழையை நினைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, கால்மிதியைச் சுருட்டி எடுத்து, வழிவிட்டாள்.

"உள் ரூமுக்கு வேண்டாம். ஹாலோட நிறுத்திக்கோங்கோ."