நோவாவின் மனைவி – பார்க்க: அத்தை

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

நான் நலம். கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. பழி பாதி என்மேல். மீதி நோவாவின் மனைவிமேல்.

எங்கள் பதிப்பகத்தில் வேதாகம மாந்தருக்கு ஓர் அகராதி போட்டோம். பிழை திருத்துவதும், இதற்கு அதைப் பார்க்க என்று குறிப்புப் போடுவதும் என் வேலை. பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை கட்டிய நோவாவின் மனைவியிடம் வந்து மாட்டிக்கொண்டேன். வேதத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. பேச ஒரு வரி இல்லை. அத்தனை விலங்குகளோடு அத்தனை நாள் ஒரு மரப்பெட்டிக்குள், வாயே திறக்காமல். பின்னால் வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. யூத மரபு அவளை நாமாள் என்றது. இன்னொரு பழைய மரபு எம்சாரா என்றது. நோரியா என்றும் சிலர். தேடத் தேடப் பெயர்கள் நூறைத் தாண்டின. எங்கள் ஆசிரியருக்கு, அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் முற்றுப்புள்ளி, பொறுமை போயிற்று.

“பேர் இல்லாத அம்மாவ எந்த எழுத்துல வைப்பே? ஏதாவது ஒண்ணுல வெச்சுட்டு வீட்டுக்குப் போப்பா.”

எனக்கு எந்தப் பெயரையும் விட மனம் வரவில்லை. எம்சாரா – பார்க்க: நோரியா. நோரியா – பார்க்க: நாமாள். நாமாள் – பார்க்க: நோவாவின் மனைவி. நோவாவின் மனைவி – பார்க்க: எம்சாரா. அவளைப் பற்றி எழுதிய அரைப் பக்கத்தை மட்டும் எந்தப் பெயரின் கீழும் வைக்கவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு பாதிரியார் போன் செய்தார்.

“தம்பி, காலைலேர்ந்து பக்கத்தப் புரட்டிட்டே இருக்கேன். எல்லாரும் அடுத்த வீட்டக் காட்டறாங்க. அந்தம்மா எங்கதான் இருக்காங்க?”

தண்டனையாக, கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டுகிறேன். மூன்று வாரமாக. தனியாக. ஒட்டிய சீட்டை விரலால் அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கும். உங்கள் ஞாபகம் வரும். படிக்கும் காலத்தில் மூன்று வருஷம் உங்கள் வீட்டில் இருந்தேனே. நான் சாப்பிட்டு எழும்வரை எதிரே உட்கார்ந்து, நான் உளறுவதற்கெல்லாம் “ம்” கொட்டுவீர்கள். அதற்குப் பிறகு யாரும் எனக்கு “ம்” கொட்டியதில்லை.

சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உறையில் என்ன எழுதுவது? மாமா உங்களை “இந்தா” என்பார். அம்மா “அண்ணி” என்பாள். இருவரும் இப்போது இல்லை. தெருவுக்கு நீங்கள் வாத்தியார் வீட்டம்மா. எனக்கு அத்தை. மாமாவின் பெயரைப் போட்டு, ‘அவர்களின் மனைவி’ என்று எழுதி அனுப்பினேன். ‘விலாசதாரர் காலமானார்’ என்று திரும்பி வந்தது. உங்களுக்காக அழுதுவிட்டேன், பிறகுதான் மாமாவைச் சொல்கிறார்கள் என்று புரிந்து நிம்மதியானது, நிம்மதியானதற்காக மாமாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து, நீங்கள் முதியோர் இல்லத்தில் சேர்ந்த செய்தி தெரிந்து, அங்கே போன் செய்தேன். காப்பாளர் அம்மா எடுத்தார்.

“யார் வேணும்?”

“அத்தை.”

“இங்க நாப்பது பேர் இருக்காங்க. எல்லாருமே யாருக்காவது அத்தைதான் தம்பி. பேரச் சொல்லுங்க.”

“வாத்தியார் வீட்டம்மா.”

“அதுவே ஏழு பேர். ஆமா, சொந்த அத்தைதானே?”

மறுபடியும் மாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

மூணு வருஷம் உங்க கையால சாப்பிட்டவன் அத்தை. ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். முகம் தெரியாத அம்மாவுக்கு நூறு பேர் தேடினேன், உங்களுக்கு ஒண்ணு தேடல. அத்தைன்னு எழுதவே கை கூசுது. உங்க பேர் தெரியாம இனி ஒரு வரி எழுதறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். இதுதான் கடைசி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். விலாசம் முழுதாகக் கிடைக்கும் நாளில் என் வணக்கமும் வந்து சேரும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார் மகன்.

பின்குறிப்பு: இன்று மதியம் முற்றுப்புள்ளி ஓர் உறையோடு கிடங்குக்கு வந்தார். “இது நீதானே?” மாமா இறந்தபோது நான் கொடுத்துவிட்டு வந்த அலுவலக அட்டையின் விலாசம். அதற்கு மேலே உங்கள் கையெழுத்தில், ‘கண்ணாடி போட்ட தம்பிக்கு’. அனுப்புநர்: ‘அத்தை’. ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே நான்கே வரி. ‘இங்க எல்லாரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க தம்பி. வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. அத்தைன்னு கூப்பிட ஆள் இல்ல. முடிஞ்சா ஒரு தடவ வா.’

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டுவருகிறேன். வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிடுவேன். நாற்பது பேர் திரும்பினாலும் பரவாயில்லை. நீங்கள் “ம்” என்றால் போதும்.